பேருந்தாக நடித்த டிஎஸ்பி

கொடுவாள் மீசை வைத்த போலீஸ் அதிகாரிகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மீசையே இல்லாமல் முறைத்தே ஆளைச் சாய்த்தவர்களையும் பார்த்திருப்பீர்கள். ஆனால் தோளில் மூன்று நட்சத்திரம் மின்ன, இல்லாத ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் வளைத்து, வாயால் ஹாரன் அடித்துக்கொண்டு டவுன் பஸ்ஸாக நடித்த ஒரு டிஎஸ்பியைப் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் பார்த்தேன். அந்த பஸ்ஸில் நான்தான் கண்டக்டர்.

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்தது. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அது பயன்பட்டதாகத் தெரியவில்லை. உட்கோட்டம் முழுவதும் அவர் ‘கூத்து டிஎஸ்பி’தான்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நான் போலீஸ்காரன் அல்ல. காவல் துறையில் சீருடை போடாமல், பேனாவால் மட்டும் ஆளை அடிக்கும் குமாஸ்தா வர்க்கம் ஒன்று உண்டு. அதில் எழுத்தராகச் சேர்ந்து அலுவலகக் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன். போலீஸ்காரர்கள் மீது பொதுமக்கள் கொடுக்கும் புகார்கள்தான் என் பிரிவு. எந்த ஊர் அலுவலகம் என்று கேட்காதீர்கள். தஞ்சாவூர்ச் சீமையில் ஒரு டிஎஸ்பி அலுவலகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் ஓய்வூதியம் வாங்குகிறவன்.

போலீஸ் மீது கொடுத்த புகார் எப்படி விசாரிக்கப்படுகிறது என்பது பலருக்கும் தெரியாது. காவிரித் தண்ணீரை நினைத்துக்கொண்டால் சுலபமாகப் புரியும். மனு முதலில் மேலே போகும். எஸ்பிக்குப் போகும், ஐஜிக்குப் போகும், சென்னைக்குப் போகும், இன்னும் மேலே போக வழி இருந்தால் அங்கும் போகும். பிறகு மேலே மதகைத் திறப்பார்கள். அது ஆறாக இறங்கி, வாய்க்காலாகப் பிரிந்து, கடைமடைக்கு வந்து சேரும். தண்ணீராவது சில வருஷம் கடைமடைக்கு வராமல் ஏமாற்றும். மனு ஏமாற்றாது. எந்த ஸ்டேஷன் ஏட்டு அடித்தார் என்று எழுதியிருக்கிறதோ, சரியாக அதே ஸ்டேஷனுக்கு, ‘விசாரித்து அறிக்கை அனுப்பவும்’ என்ற குறிப்போடு வந்து பாயும். அடித்த ஏட்டே அடிபட்டவர் வீட்டுக்குப் போய், “உங்கள அடிச்சது சம்பந்தமா விசாரணை இருக்கு, வந்துருங்க” என்று சம்மன் கொடுப்பார். இதற்கு விதியில் தடை உண்டா என்று தேடிப் பார்த்திருக்கிறேன். இல்லை.

அதன் பிறகு நடப்பதும் ஒரே மாதிரிதான். ஸ்டேஷன் கேமரா அன்றைக்கு மட்டும் பழுதாகியிருக்கும். சாட்சிகள் அந்த நொடியில் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கடைசியில் மனுதாரர், ‘மனஸ்தாபம் தீர்ந்து சமாதானமாகிவிட்டபடியால் மேல்நடவடிக்கை தேவையில்லை’ என்று எழுதிக் கொடுத்துவிடுவார். கோப்பு மூடப்படும். நானே கயிறு கட்டுவேன்.

கூத்து டிஎஸ்பி பொறுப்பேற்ற அன்று அந்தக் கோப்புகளைத்தான் கேட்டார். குள்ளமான, உருண்டையான மனிதர். நாற்காலியில் உட்கார்ந்தால் கால் தரையில் பாவாது, ஆட்டிக்கொண்டே படிப்பார். சப்-இன்ஸ்பெக்டராகச் சேர்ந்து படிப்படியாக மேலே வந்தவர், ஓய்வுக்கு அதிக காலமில்லை. அந்தக் கட்டத்தில் மற்றவர்கள் வீடு கட்டும் வேலையில் இருப்பார்கள்.

“என்ன சார், எல்லா வாபஸும் ஒரே கையெழுத்தா இருக்கு?” என்றார்.

“ஸ்டேஷன் ரைட்டர் எழுதுவாரு சார். மனுதாரர் கீழ கையெழுத்து மட்டும் போடுவாரு.”

“அப்ப மனசு மாறினது மனுதாரருக்கா, ரைட்டருக்கா?”

நான் அடுத்த கோப்பின் கயிற்றை அவிழ்த்தேன்.

முதல் விசாரணை ஒரு துண்டைப் பற்றியது. வலங்கைமான் பக்கத்து விவசாயி சின்னையன், கூட்டமான பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடித்திருக்கிறார். முறைப்படி படி வழியாக நசுங்கி ஏறி உள்ளே வந்து பார்த்தால், அவர் இடத்தில் ஒரு கான்ஸ்டபிள் உட்கார்ந்திருக்கிறார். துண்டு எதிர் ஜன்னல் வழியாக ரோட்டுக்குப் போய்விட்டது. கேட்டதற்கு அந்தக் கான்ஸ்டபிள் சட்டையைப் பிடித்துவிட்டார். நம் பக்கத்தில் பஸ்ஸில் போட்ட துண்டு என்றால் பத்திரப் பதிவு செய்த மனை மாதிரி. சின்னையன் சென்னை வரை மனு போட்டுவிட்டார்.

இரு தரப்பையும் கேட்டார் டிஎஸ்பி. கான்ஸ்டபிள் துண்டையே பார்க்கவில்லை என்றார். டிஎஸ்பி காலை ஆட்டுவதை நிறுத்தினார்.

“சரி. இப்ப நீங்க கான்ஸ்டபிள்” என்று சின்னையனைக் காட்டினார். “நீ சின்னையன். சார், நீங்க கண்டக்டர்.”

அலுவலக நாற்காலிகளை இரண்டு வரிசையாகப் போடச் சொன்னார். நான் எம்.ஏ. படித்தவன், கிண்டலாகக் கேட்டேன். “பஸ் யாரு சார்?”

“நான்தான்” என்று முன்னால் போய் நின்று, கியரை மாற்றினார். “பாம்! பாம்!”

கான்ஸ்டபிளிடம் துண்டு இல்லை. தன் தொப்பியை நாற்காலியில் போட்டு இடம் பிடித்தார். சின்னையன் உள்ளே ஏறி வந்தார். அந்தத் தொப்பியை எடுத்து, ஜன்னல் வழியாக வெளியே வீசிவிட்டு, சாவகாசமாக உட்கார்ந்து கால்மேல் கால் போட்டுக்கொண்டார். வெளியே ஒரு சாக்கடை ஓடுகிறது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

“யோவ்! அது என் தொப்பிய்யா!” என்று கத்தினார் கான்ஸ்டபிள்.

“அது என் துண்டு தம்பி” என்றார் சின்னையன்.

டிஎஸ்பி ‘க்ரீச்’ என்று பிரேக் போட்டு நின்றார். கான்ஸ்டபிள் தலையைக் குனிந்துகொண்டு, “தப்புதான் பெரியவரே” என்றார். இருவரும் சேர்ந்து போய் தொப்பியை அலசி எடுத்து வந்தார்கள். என் பணிக்காலத்தில் ரைட்டர் எழுதாத முதல் சமாதானம் அதுதான்.

இதோடு விட்டிருந்தால் தேவலை. அடுத்தது எருமை. பயிரை மேய்ந்தது என்று ஒரு அம்மாளின் எருமையை ஸ்டேஷனில் பிடித்துக் கட்டிவிட்டார்கள். மறுநாள் அவிழ்த்துவிட்டபோது மடி வற்றியிருந்தது. பாலை யார் கறந்தது என்பதுதான் புகார். யாருமே கறக்கவில்லை என்று ஸ்டேஷன் முழுவதும் ஒரே குரலில் சொன்னது. டிஎஸ்பி ஸ்டேஷனுக்கே போய் அந்த அம்மாளை ரைட்டர் நாற்காலியில் உட்கார வைத்தார். ரைட்டரை அம்மாளாக வாசலில் நிறுத்தினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“நான் எதுக்கு சார்?”

“எருமை வேணுமே.”

“சார், நான் இன்னும் ரெண்டு வருஷத்துல ரிட்டயர்டு.”

“எருமைக்கும் வயசாயிருச்சுன்னு மனுவுல இருக்கு. சரியா வரும். ரெண்டாவது பத்தியில கத்துதுன்னும் இருக்கு, விட்றாதீங்க.”

கத்தினேன். ரைட்டர் நாற்காலியில் இருந்த அந்த அம்மாள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அதிகாரமாக உள்பக்கம் குரல் கொடுத்தாள். “டேய் முருகேசா, சொம்ப எடுத்துக்கிட்டு வாடா. இன்னிக்கு டீ கெட்டியா போடலாம்!” உள்ளே நிஜமான முருகேசன் என்ற கான்ஸ்டபிள், பழக்க தோஷத்தில், “இந்தா வந்துட்டேண்ணே” என்று சொம்போடு வெளியே வந்துவிட்டார். விசாரணை அதோடு முடிந்தது.

இதன் பிறகு உட்கோட்டத்தில் ஒரு பீதி பரவியது. “சார்ஜ் மெமோ குடுத்தாக்கூட வாங்கிக்கலாம் சார். இவருகிட்ட வேஷம் கட்ட முடியல” என்று ஒரு சப்-இன்ஸ்பெக்டர் என்னிடம் கண்கலங்கினார். விசாரணைக்குக் கிளம்பும்போது வீட்டுக்காரிகளே, “இன்னிக்கு என்ன வேஷம்ங்க?” என்று கேட்கிறார்களாம். ஒருவர் முழு நாள் ஒரு கிழவராக ஸ்டேஷன் வாசலில் நிறுத்தப்பட்டு, “அப்புறம் வாய்யா, ஐயா சாப்புடுறாரு” என்ற பதிலையே கேட்டுக் கேட்டு, சாயங்காலம், “ஐயா, எனக்கே என் மேல ஒரு மனு குடுக்கணும்போல இருக்கு” என்று சொல்லிவிட்டார்.

எனக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. விதி என்று ஒன்று இருக்கிறது.

“இப்படி விசாரிக்க விதியில இடமில்ல சார்” என்றேன் ஒருநாள்.

“கூடாதுன்னு இருக்கா?”

விடிய விடியத் தேடாவிட்டாலும் விடாமல் தேடினேன். காவல் நிலை ஆணைகள், ஒழுங்கு நடவடிக்கை விதிகள், அதற்கு மேல் வந்த அரசாணைகள். டிஎஸ்பி பஸ்ஸாக நடிக்கக் கூடாது என்று ஓரிடத்திலும் இல்லை. எழுதியவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. இப்படி ஒருத்தர் வந்து பிறப்பார் என்று அவர்கள் எதிர்பார்க்கவில்லை.

மேலிடம் எதிர்பார்த்தது. ‘விசாரணைகளில் நாடகத் தன்மையான செயல்களைத் தவிர்க்கவும். மீறினால் கடுமையாகக் கருதப்படும்’ என்று ஒரு குறிப்பாணை வந்தது. ‘கடுமையாகக் கருதப்படும்’ என்றால், ஓய்வு பெறும் நாளில் மாலை போட்டுவிட்டு, ஓய்வூதியத்தை நிறுத்தி வைப்பார்கள் என்று பொருள். டிஎஸ்பி அதைப் படித்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். சில வாரம் எல்லோரையும் உட்கார வைத்து, கேட்டு, எழுதி, அனுப்பினார். அலுவலகம் அலுவலகமாகவே இருந்தது. எனக்கு நிம்மதியாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

அப்போதுதான் கரீம் பாய் வந்தார்.

கூத்தாநல்லூர்க்காரர். வளைகுடாவில் பல வருஷம் வண்டி ஓட்டிவிட்டுத் திரும்பி, சொந்தமாக ஒரு குட்டியானை லோடு வண்டி வாங்கி, அறுவடை முடிந்த வயல்களிலிருந்து வைக்கோல் கட்டு ஏற்றி ஓட்டிக்கொண்டிருந்தார். மகள் நர்சிங் படிக்கிறாள். காலையில் அவளையும் முன் சீட்டில் ஏற்றிக்கொண்டு போய்க் கல்லூரி வாசலில் விட்டுவிட்டு லோடை இறக்கப் போவார். ஒருநாள் கடைத்தெரு முக்கில் சௌந்தர் என்ற ஏட்டு வண்டியை நிறுத்தினார். வைக்கோல் பிதுங்கி ரோட்டை அடைக்கிறது, ஓரங்கட்டு என்றார். “புள்ளைக்குப் பரீட்சை, விட்டுட்டு வந்து நிக்கிறேன் சார்” என்றார் பாய். “என்னடா எதுத்துப் பேசுற?” என்று கன்னத்தில் விட்டார் ஏட்டு. மகள் முன் சீட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதுதான் மனு. மேலே போய்க் கீழே வந்தது. ஏட்டு அடிக்கவே இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார். முக்கில் இருந்த டீக்கடையில் நின்ற அத்தனை பேரும் அந்தச் சமயம் பால் பொங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மகள் சாட்சி சொல்வாள். ஆனால் மகள் என்பதாலேயே அது சாட்சியாகாது. வாபஸ் வாங்க வேண்டியதுதான் பாக்கி. சம்மனையும் வாபஸ் தாளையும் எடுத்துக்கொண்டு, வேறு யார், ஏட்டு சௌந்தரே பைக்கில் கிளம்பினார்.

காக்கிச் சட்டை வாசலில் தெரிந்ததும் பாய் கொல்லைப்புறமாக இறங்கி வரப்பில் நடந்திருக்கிறார். ஏட்டும் பின்னால் இறங்கியிருக்கிறார்.

“பாய்! ஓடாதீங்க பாய்! கையெழுத்துதான் பாய்!”

“நீங்க வராதீங்க சார்! வழுக்கும் சார்!”

வழுக்கியது. நாற்றங்காலில் முழங்கால் வரை புதைந்துவிட்டார் ஏட்டு. ஏற்கெனவே மூட்டு வலிக்காரர். ஒரு காலை எடுத்தால் மற்றது இறங்குகிறது. பாய் திரும்பி வந்து, கை கொடுத்து இழுத்து, வீட்டுக்குக் கூட்டிப்போய்க் கால் கழுவத் தண்ணீர் ஊற்றி, துண்டு கொடுத்து, டீயும் கொடுத்திருக்கிறார். ஏட்டு டீயைக் குடித்துவிட்டு, நெகிழ்ந்துபோய், வாபஸ் தாளை நீட்டியிருக்கிறார்.

“அடிச்ச கையில டீ கிளாஸே குடுத்துட்டேன். இத மட்டும் கேக்காதீங்க” என்றாராம் பாய்.

மறுநாள் நேராக எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். டிஎஸ்பி அவரை உட்காரச் சொன்னார்.

“அவருக்கு என்ன தண்டனை குடுக்கணும்னு நெனைக்கிறீங்க பாய்?”

“தண்டனையெல்லாம் வேணாம் சார். அவருக்கும் புள்ளைங்க இருக்கு.”

“பின்ன?”

“எம் மக இப்ப என் வண்டியில ஏர்றதில்ல சார். பஸ்ல போறா. அன்னிக்கு ராத்திரி ஒரே ஒரு வார்த்த கேட்டா. ‘ஏன் அத்தா சும்மா நின்னீங்க?’ அதுக்கப்புறம் சரியா பேச்சே இல்ல. அவரு அடிக்கவே இல்லேன்னு எழுதிக் குடுத்திருக்காராம். நான்தான் பொய் சொல்றேன்னு கடைத்தெருவுல பேசுறாங்க. அவ காதுலயும் விழுது. அவரு அவ முன்னால நின்னு, ‘அடிச்சேன், தப்புதான்’னு சொன்னாப் போதும் சார்.”

அவர் போன பிறகு டிஎஸ்பி வெகு நேரம் காலை ஆட்டாமல் உட்கார்ந்திருந்தார். சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். குறிப்பாணை இன்னும் அங்கேதான் இருந்தது. புகார் நிரூபணமாகவில்லை என்று எழுதினால், பொய்ப் புகார் என்று பாய் மீதே வழக்குப் போட வழி இருக்கிறது. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

“நாடகம் கூடாதுன்னு சொல்லிட்டாங்களே சார்” என்றார், பள்ளிக்கூடத்தில் பந்தைப் பறிகொடுத்த பிள்ளை மாதிரி.

நான் தொண்டையைக் கனைத்தேன். “ஸ்தல ஆய்வு கூடாதுன்னு சொல்லல சார்.”

அவர் நிமிர்ந்தார்.

“சம்பவம் நடந்த இடத்துக்குப் போய், சம்பந்தப்பட்டவங்கள சம்பந்தப்பட்ட இடத்துல நிக்க வச்சு, விசாரணை அதிகாரி நேர்ல பார்க்கலாம். அதுக்கு விதியில இடமிருக்கு. யாரு எங்க நிக்கணும்னு அதிகாரியோட விருப்பம். விதி அதுக்கு மேல பேசல.”

அவர் முகம் மலர்ந்ததை நான் பார்க்காதது போலக் கோப்பைக் கட்டினேன்.

மறுநாள் காலையில் கடைத்தெரு முக்கில் ஊரே கூடிவிட்டது. பாய் தன் குட்டியானையைக் கொண்டுவந்து அதே இடத்தில் நிறுத்தினார். மகள் தாயோடு மருந்துக்கடை ஓரத்தில் நின்றாள். தலையைக் குனிந்தபடி, புத்தகப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு. ஏட்டு சௌந்தர் புதுச் சலவையில் வந்திருந்தார்.

“பாய், நீங்க ஏட்டு. ரோட்டுல நில்லுங்க. சௌந்தர், நீ கரீம் பாய். வண்டியில ஏறு. சார், நீங்க வைக்கோல்.”

“சார்?”

“பின்னால ஏறுங்க. கொஞ்சம் பிதுங்கணும்.”

ஏறினேன். பிதுங்கினேன். டீக்கடைக்காரர் செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். இப்போது பால் பொங்கி அடுப்பில் வழிந்தது, யாரும் பார்க்கவில்லை.

“ஐயா, முன் சீட்டுல அந்தப் பாப்பா உக்காந்திருந்துச்சு” என்று கூட்டத்தில் ஒருவர் எடுத்துக் கொடுத்தார். எல்லோரும் அந்தப் பெண்ணைப் பார்த்தார்கள். அவள் தாயின் பின்னால் ஒதுங்கினாள்.

“அவ ஒருதடவ உக்காந்தது போதும்” என்றார் டிஎஸ்பி. சொல்லிவிட்டு, பின்னால் இருந்து ஒரு கான்ஸ்டபிள் முட்டுக் கொடுக்க, மூச்சுப் பிடித்து, அந்த முன் சீட்டில் தானே ஏறி உட்கார்ந்தார். தொப்பை டேஷ்போர்டை முட்டியது. மடியில் வைத்துக்கொள்ளப் புத்தகப் பை வேண்டுமே என்று என் சோற்றுப் பையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். தொப்பியைச் சரிசெய்துகொண்டு, குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்தார். மருந்துக்கடைப் பக்கம் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். அந்தப் பெண்தான். வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

நாடகம், மன்னிக்கவும், ஸ்தல ஆய்வு தொடங்கியது. பாய் கையைக் காட்டி வண்டியை நிறுத்தினார். அவருக்கு அதட்டத் தெரியவில்லை.

“வண்டிய… ஓரங்கட்டுங்க.”

“அவரு ‘ங்க’ போட்டாரா பாய்?” என்றார் டிஎஸ்பி சீட்டிலிருந்து.

“இல்ல சார்.”

“அப்ப நீங்களும் போடாதீங்க.”

“வண்டிய ஓரங்கட்டு!”

ஏட்டு இறங்கி நின்றார். “புள்ளைக்குப் பரீட்சை… விட்டுட்டு வந்து நிக்கிறேன் சார்” என்றார். அவர் அதைப் பாடம் ஒப்பிப்பது போலத்தான் சொன்னார்.

பாய் அவர் முன்னால் வந்து நின்றார். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். அதை நான் வைக்கோல் இருந்த உயரத்திலிருந்து தெளிவாகப் பார்த்தேன். குரல் மட்டும் வந்தது, தாழ்ந்த குரலில், ஒவ்வொரு சொல்லாக.

“என்னடா… எதுத்துப் பேசுற?”

அவ்வளவுதான். அதற்கு மேல் பாய்க்கு வசனம் இல்லை. கை பின்னாலேயே இருந்தது. ஆனால் ஏட்டு சௌந்தர் கண்ணை இறுக மூடி, தலையை ஒருபக்கம் சாய்த்து, சட்டென்று இடது கன்னத்தைக் கையால் மூடிக்கொண்டார்.

மனுவில் இடது கன்னம் என்றுதான் இருந்தது. நானே எண்ணிட்ட பத்தி.

வண்டியின் ஜன்னல் வழியாகச் சின்னக் குரலில் டிஎஸ்பி கேட்டார்.

“அத்தா… எதுக்கு அத்தா கன்னத்த மூடுறீங்க?”

ஏட்டு கண்ணைத் திறந்தார். கை கன்னத்திலேயே இருந்தது. எடுக்க மறந்துவிட்டார்.

“ஐயா…”

“நான் ஐயா இல்ல. உங்க மக. அவருதான் அடிக்கவே இல்லையே. எதுக்கு மூடுறீங்க?”

ஏறின வெயிலில் ஏட்டு வியர்த்துக்கொண்டிருந்தார். அந்த மனிதருக்கும் வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள் என்று எனக்குத் தெரியும். பணிப் பதிவேட்டில் பார்த்திருக்கிறேன். கடைசியில், “அடிச்சேம்மா” என்றார், வண்டி ஜன்னலைப் பார்த்து.

“இங்க இல்ல” என்றார் டிஎஸ்பி. “அங்க.”

மருந்துக்கடை வரை பத்தடி கூட இருக்காது. அந்த மூட்டு வலிக்காரர் அதைக் கடக்க வெகு நேரம் எடுத்துக்கொண்டார். அந்தப் பெண்ணின் முன்னால் போய் நின்று, “அடிச்சேம்மா. உங்க அத்தா ஒரு தப்பும் பண்ணல. நான்தான் தப்பு” என்றார். அவள் அவரைப் பார்க்கவில்லை. அவரைத் தாண்டி ரோட்டில் நின்ற தன் அத்தாவைப் பார்த்தாள். இன்னும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார் பாய். சும்மா நிற்பது எவ்வளவு பெரிய வேலை என்பது அவளுக்கு அப்போது தெரிந்திருக்க வேண்டும். எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

நான் வைக்கோலாக இருந்தபடியே நடந்ததை எழுதி, பாயிடமும் ஏட்டிடமும் கையெழுத்து வாங்கினேன். டீக்கடையில் இருந்தவர்களும் தாமாகவே வரிசையில் வந்து கையெழுத்துப் போட்டார்கள். பால் பொங்கியதைப் பார்த்தவர்களுக்கு அன்றைய சம்பவமும் இப்போது நினைவு வந்துவிட்டது.

கூட்டம் கலைந்தது. பாய் ஸ்டீயரிங் பக்கம் ஏறினார். டிஎஸ்பி இன்னும் முன் சீட்டிலேயே இருந்தார். இறங்க முடியவில்லையா, இறங்க மனமில்லையா என்று தெரியாமல் நான் பக்கத்தில் போனேன். அதற்குள் அந்தப் பெண் வந்து கதவருகில் நின்றாள்.

“சார், இது என் சீட்டு” என்றாள்.

“தெரியும்மா” என்றார் டிஎஸ்பி. “நீ வர்ற வரைக்கும் இடம் புடிச்சு வச்சிருந்தேன்.”

கதவைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினார். அவள் ஏறினாள். குட்டியானை புகையைக் கக்கிக்கொண்டு கிளம்பிப் போனது. என் சோற்றுப் பையும் அதோடு போய்விட்டது.

ஏட்டுக்குக் கண்டனமும் கடற்கரைப் பக்கம் ஒரு சோதனைச் சாவடிக்கு மாறுதலும் கிடைத்தன. அங்கே வைக்கோல் வண்டிகள் வருவதில்லை. டிஎஸ்பிக்கு எதிர்பார்த்தபடியே குறிப்பாணை வந்தது. டீக்கடைக்காரர் எடுத்த படம் மேலிடம் வரை போயிருந்தது. ‘ஸ்தல ஆய்வின்போது, சீருடையில், மனுதாரரின் மகளுக்குரிய இருக்கையில், எந்த அதிகாரத்தின் கீழ் அமர்ந்தீர்?’ என்று கேட்டிருந்தார்கள். அவர் அதைப் படித்துவிட்டு என் பக்கம் தள்ளினார்.

இதுமாதிரி விளக்கம் எழுதுவது எனக்கு இடது கை வேலை. அரசாணை எண் ஒன்று, விதிப் பிரிவு இரண்டு, ‘தங்கள் மேலான கவனத்துக்கு’ என்று மூன்று பக்கம் எழுதியிருக்கலாம். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசியில் ஒரே வரிதான் எழுதினேன். ‘உரியவர் வந்து சேரும் வரை இடம் பிடித்து வைப்பதற்காக அமர்ந்தேன்.’ அவர் ஒரு எழுத்தும் மாற்றாமல் கையெழுத்துப் போட்டார். மேலிடம் என்ன நினைத்ததோ, ‘விளக்கம் ஏற்கப்பட்டது’ என்று வந்துவிட்டது.

இப்போது நாங்கள் இருவருமே ஓய்வூதியக்காரர்கள். வருஷத்துக்கு ஒருமுறை தஞ்சாவூர் கருவூலத்துக்குப் போய், இன்னும் உயிரோடு இருக்கிறோம் என்று நேரில் காட்ட வேண்டும். நான் கும்பகோணத்தில் பஸ் ஏறுகிறவன், டிஎஸ்பி வழியில் ஏறுகிறவர். ஏறியதும் ஜன்னலோர இருக்கையில் துண்டைப் போட்டுவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். கூட்டம் நெருக்கும். நிற்கிறவர்கள் என்னை முறைப்பார்கள்.

“ஆள் வருதா சார்?”

“வருது. பாபநாசத்துல ஏறுவாரு.”

ஓடும் பஸ்ஸில் இன்னும் ஏறாத ஆளுக்கு இடம் போட்டு வைக்க விதியில் இடமில்லை. அது எனக்குத் தெரியாதா என்ன?